மஞ்சள் தெளித்த தோல்

"அம்மா, ஒங்க கையில இன்னும் மாடு இருக்கா?"

என் மகள் இதைக் கேட்டு மாதங்கள் ஆகிவிட்டன. நான் சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் வாயைத் திறக்காமல் என் விரல்களை முகர்ந்தாள். பிறகுதான் கேட்டாள். மழை விட்டுவிட்டதா என்று கேட்பது போல் இருந்தது. இல்லை என்றால் பொய்யாகுமா, இருக்கிறது என்றால் இனி என் கையால் சாப்பிடுவாளா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து அப்பாயியிடம் போய்விட்டாள். அப்பாயி என்றால் என் மாமியார். அதே தட்டு, அதே சோறு. அவர் ஊட்ட, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

நான் தோலில் கைப்பை செய்கிறவள். மலையகத்தில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசையாகக் கட்டிய லய வீடுகளில் ஒன்று எங்களுடையது. லயத்து அறையான எங்கள் காம்பிராவுக்குப் பின்னால் இறக்கியிருக்கும் தகரச் சாய்ப்புதான் என் வேலை இடம். தோலை நானே வெட்டி, ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைக்கிறேன். மெஷின் இல்லை. எந்தப் பைக்கு வாய் எப்படி இருக்க வேண்டும், வார் எங்கே தொங்க வேண்டும் என்று வரைவதும் நான்தான். இதைத் தவிர எனக்கு நன்றாக வருகிற வேலை வேறு இல்லை. இருந்தால் என்றைக்கோ மாறியிருப்பேனோ என்னவோ.

முதல் பையைப் பள்ளிக்கூட வயதில் செய்தேன். என் பழைய புத்தகப் பை அடி விட்டுப்போனது. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்பில், "பொறுத்துக்க, பாப்போம்" என்றார். நான் பொறுக்கவில்லை. ஒரு வெறும் உரப் பையைக் கழுவி, உட்பக்கத்தை வெளியே திருப்பி, குடைக்கம்பி வளைத்துக் கைப்பிடி வைத்துத் தைத்தேன். அது எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. மழை நாளில் நனைந்தபோது, உள்ளே போன எழுத்து வெளியே தெரிந்தது.

"யூரியா வருது, வழி விடுங்கடா!"

அந்தப் பெயர் பல வருடம் ஒட்டிக்கொண்டது. ஒரு டீச்சர்கூடச் சிரிப்பை அடக்க முடியாமல், "யூரியா, எழும்பி வாசிங்க பாப்போம்" என்றார். வாசித்தேன். வீட்டுக்கு வந்து, உடைந்த குடையின் கறுப்புத் துணியை அந்தப் பைக்கு மேலுறையாகப் போட்டுத் தைத்தேன். மறுநாள், "யூரியாவுக்கு எழவு விழுந்துருச்சு" என்றார்கள். அப்போதே நினைத்துக்கொண்டேன், எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் தோளில் யாரும் வாய் திறக்க முடியாத ஒரு பை தொங்க வேண்டும் என்று.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் கிடைக்காமல், பதுளையில் சப்பாத்து, செருப்பு, பை எல்லாம் திருத்துகிற ஒரு கடையில் சேர்ந்தேன். முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அண்ணன். ஜிப் மாற்றுவதும் பசை தடவுவதும்தான் எனக்குத் தந்த வேலை. ஒருநாள், யாரும் திரும்பி வந்து எடுக்காத ஒரு பழைய தோல் கைப்பையை நான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"பிரிச்சுப் பாக்க ஆசையா தங்கச்சி? பிரிங்க. ஆனா திரும்பத் தெச்சுத் தரோணும். இல்லாட்டி நாளைக்கு வரத் தேவல்ல."

பிரித்தேன். துண்டு துண்டாக விரித்து வைத்தபோதுதான் ஒரு பை எப்படி நிற்கிறது என்பது புரிந்தது. திரும்பத் தைத்தபோது அது ஒரு பக்கம் கோணிக்கொண்டது. முதலாளி அதைக் கடை வாசலில் தொங்கவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்மட படிச்ச புள்ளட வேல, பாத்தீங்களா?" என்றார். பஸ்ஸுக்கு நிற்கிற எங்கள் தோட்டத்து ஆட்களும் பார்த்தார்கள். அது நேராக நிற்கிற வரைக்கும் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். நேரான அன்று முதலாளி அதைக் கழற்றி உள்ளே எறிந்துவிட்டு, அடுத்த வேலையைத் தந்தார்.

கல்யாணம் பேசும்போது என் கணவர் தன் அம்மாவிடம், "பேக் தெக்கிற புள்ள" என்று மட்டும் சொல்லியிருந்தார். மாமியார் துணிப்பை என்று நினைத்துக்கொண்டார். குழந்தை பிறந்த பிறகு கடைக்குப் போய் வர முடியாமல் வீட்டிலேயே வேலையைத் தொடங்கினேன். கணவர் தான் ஓட்டுகிற த்ரீவீல் ஆட்டோவில் முதல் தோல் சுருளை ஏற்றிக்கொண்டு வந்த அன்று, மாமியார் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னாடா இது? பொணத்த உரிச்சுக் கொண்டாந்திருக்க?"

"தோலும்மா. பேக் செய்ய."

"எங்க சாதிசனத்துல செத்த மாட்டத் தொட்டவங்க யாரும் இல்ல. இவ எந்த வழியில வந்தவளோ? கேக்காமக் கட்டி வச்சுப்புட்டேனே."

எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அது அவிழ்க்கிற வரைக்கும் எந்த லயத்திலும் கவிச்சி சமைக்க மாட்டார்கள். எல்லாரும் வீட்டைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த வருடம் காப்புக் கட்டுகிற நேரத்தில், எல்ல என்ற மலையூரில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சாமான் விற்கிற ஒரு கடைக்காக நான் பை செய்துகொண்டிருந்தேன். என் முதல் பெரிய ஓர்டர். சாயம் போடாத, பால்தேநீர் நிறத் தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அடையாளம் விழும்.

"சாமி காரியம் முடியிற வரைக்கும் அந்த மாட்டுத் தோலு என் கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது."

"சரிங்கத்த" என்றேன். மறுத்துப் பேசாத மருமகள் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆனாலும் அன்று வாய் சும்மா இருக்கவில்லை.

"கோயில்ல அடிக்கிற தப்பு மேளமும் தோலுதானங்கத்த?"

மாமியார் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"ஆமாண்டி, தோலுதான். அத அடிக்கிறவன எங்க நிக்க வைக்கிறாங்கன்னு பாத்திருக்கியா? வாசலுக்கு வெளிய. அவனுக்கு இருக்கிற புத்தி ஒனக்கு இல்ல. நீ அடுப்படி வரைக்கும் வந்துட்ட."

கணவர் அங்கேதான் இருந்தார். த்ரீவீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடி அன்றைக்கு மிகவும் சுத்தமாக இருந்தது.

தோலை எடுத்து விறகுக் கொட்டிலில் அடுக்கி, பழைய சேலையால் மூடினேன். பிளாஸ்டிக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால்? மூடினால் பூசணம் பிடிக்கும் என்று பயந்தேன். இன்றைக்கும் அந்த இடத்தில் என் மனம் நின்று நின்று போகிறது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். சேலை ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. தோல் முழுக்க மஞ்சள் புள்ளிகள். ஒரு வேப்பிலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எல்லா எடத்துக்கும் தெளிக்கணும்ல? விட்டா தெய்வக் குத்தம்" என்றார் மாமியார். சேலை எப்படி விலகியது என்று நான் கேட்கவில்லை.

பதற்றத்தில் ஒரு துண்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சோப்புப் பட்ட மஞ்சள் என்ன ஆகும் என்று சமைக்கிற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் மறந்துபோனது. புள்ளிகள் சிவந்து, காய்ந்தபோது பழைய இரத்தம் போல் செம்பழுப்பாக நின்றன. என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பாயி, மாட்டுக்கு ரத்தம் வருது!"

"வரும்டி கண்ணு. ஒங்கம்மா குத்துறால்ல, அதான் வருது. அந்தக் கையால ஒனக்கு சோறு வேற."

மகள் என் கையைப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் மறைத்தேன். அதை ஏன் செய்தேன்? மறைக்காமல் இருந்திருந்தால் அவள் மறந்திருப்பாளோ?

வேறு தோல் வாங்க வழியில்லை. அந்தத் தோலிலேயே பைகளைத் தைத்து முடித்து, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு எல்லவுக்குப் போனேன். கடைக்காரப் பெண் ஒரு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இந்தப் புள்ளி எப்படிப் போட்டீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். மஞ்சள் என்றேன். வெயிலில் மங்கிவிடும் என்பதையும் நானே சொல்லித் தொலைத்தேன். அவர் சிரித்தார். இனி எல்லாப் பையும் இதே மாதிரி வேண்டும் என்றார்.

இப்படியாக, என்னைத் தீட்டு என்று சொல்லித் தெளித்த தண்ணீர் என் டிசைன் ஆனது. இப்போது நானே பின்பக்கத்தில் தண்ணீர் விழுகிற பீலியடியில் உட்கார்ந்து, வேப்பங்கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கித் தோலில் தெளிக்கிறேன். மாமியார் அக்கம்பக்கத்தில், "அம்மன் எறங்கின பேக்கு, அதான் வெளிநாட்டுக்காரன் வாங்குறான்" என்று பெருமை பேசுகிறார். பேசிவிட்டு உள்ளே வந்து, நான் தொட்ட தண்ணீர்ச் செம்பைக் கழுவி வைக்கிறார்.

என் மகளும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அப்பாயி கற்றுக்கொடுத்த வழி. நான் ஊட்ட வந்தால் ஒரு டம்ளரில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள்.

"கைய முக்குங்கம்மா. அப்புறம் நான் சாப்புடுறேன்."

நான் முக்குகிறேன். அவள் சாப்பிடுகிறாள். கணவரிடம் அழுதேன்.

"சாப்புடுறால்ல? அது போதாதா? சின்னப் புள்ளகிட்டப் போயி ரோசம் பாக்குற" என்றார்.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

ஜனவரியில் அவள் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குப் போகிறாள். அவளுக்காக ஒரு சின்னப் பை செய்து வைத்திருக்கிறேன். சிவப்புத் தோல், புள்ளி இல்லை, உள்ளே பூப்போட்ட துணி, நனைந்தாலும் எந்த எழுத்தும் வெளியே வராது. இதுவரை நான் செய்ததில் நல்ல பை அதுதான். காட்டியபோது வாரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய், வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அதோட எடம் இதும்மா" என்றாள். திட்டவில்லை. தெரியாத ஒருத்திக்குச் சொல்லிக்கொடுப்பது போல் சொன்னாள்.

இதை வாசிக்கிறவர்களில் தாய்மார் இருந்தால் கேட்கிறேன். வேலையை விட்டுவிடு என்று சொல்ல வேண்டாம். அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. பொறு, வளர்ந்தால் புரியும் என்றும் சொல்ல வேண்டாம். அவள் வளர வளர அந்த டம்ளரும் வளர்ந்துவிடும் என்றுதான் பயமாக இருக்கிறது. நாளைக்கும் அவள் அதைக் கொண்டுவந்து வைப்பாள். நான் கையை முக்க வேண்டுமா, முக்காமல் அவள் பசியோடு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? கையில் மாடு இருக்கிறதா என்று மறுபடி கேட்டால், ஒரு சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, பொய்யும் இல்லாமல், என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஜனவரிக்கு முன்னால் எழுதினால் நல்லது. பை இன்னும் செருப்புப் பக்கத்தில்தான் இருக்கிறது.