பிழை இல்லாத பகுதி

கலாமணி இறந்த செய்தி எனக்கு வங்கிக் கவுன்ட்டரில்தான் வந்து சேர்ந்தது. சோமனூர்க்காரர் ஒருவர் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே, "ஏனுங்க, உங்க கூடப் படிச்சாங்கல்லங்க, தறிக்காரரு ஊட்டு மருமக, மஞ்சக்காமாலையில தவறிப்போயிட்டாங்க" என்றார். அதன்பிறகு அன்று என்ன வேலை செய்தேன் என்று நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக வாசிப்பறையில் வங்கித் தேர்வுக்குச் சேர்ந்து படித்த உங்களுக்கு அவளைத் தெரியும். நாம் எல்லோருமே தமிழ் வழியில் படித்தவர்கள். ஆங்கில வாக்கியத்தை நான்காக வெட்டி, எந்தப் பகுதியில் பிழை என்று கேட்பார்கள். 'பிழை இல்லை' என்றும் ஒரு விடை இருக்கும். தமிழில் 'அதைப் பற்றி விவாதித்தார்கள்' என்கிறோமே என்று, 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்' நின்றால் சரி என்போம்; ஆங்கிலத்தில் அதுதான் பிழை. ஒழுங்கான வாக்கியத்தை விடாமல் நோண்டுவோம். கலாமணி பிழையைத் தேடவே மாட்டாள். சரியான பகுதிகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, மிஞ்சியதில்தான் கண்ணை வைப்பாள். "நல்லா இருக்கறதைப் போயி எதுக்குங்க சந்தேகப்படறது? அதை மொதல்ல உட்டுப்போடுங்க" என்பாள்.

மரபுத்தொடர்களுக்குக் காரணம் கேட்கக் கூடாது, காதுக்குப் பழக வேண்டும் என்பது அவள் கட்சி. அதற்காகத் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே ஆங்கிலச் செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பாள். தறிச் சத்தத்தில் மாமனாருக்குக் கேட்காது. இங்கிலீஷ் பேசுவதற்குத் தன் வீட்டில் அது ஒன்றுதான் இடம் என்று சொல்லிச் சிரிப்பாள்.

நமக்கெல்லாம் முன்பே அவளுக்குத்தான் ஆர்டர் வந்தது, வெளியூர்க் கிளைக்கு. வயது வரம்பு முடிகிற நேரம். அதை விட்டால் அவளுக்கு வேறு தேர்வு கிடையாது. அவளை அனுப்பலாமா என்று வீட்டில் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பூ மடித்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் சம்மதம். சிவப்பு வந்தது; அனுப்பவில்லை. அடுத்த ஞாயிறும் அவள் வாசிப்பறைக்கு வந்தாள், நம்மோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க. நான் இன்று கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பது அந்த ஞாயிறுகளால்தான்.

துக்க வீட்டில் அவளுடைய ஓரகத்தி என்னைத் தனியே அழைத்துப் போய் அழுதாள். கோயமுத்தூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கலாமணி கேட்டாளாம். பச்சிலை மருந்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அதற்கும் பூக் கேட்டிருக்கிறார்கள். மறுபடியும் சிவப்பு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

கூடத்தில் பெண்கள் அவளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பிட்டிருக்கலாம், தறிக்கூடத்திலேயே கிடந்திருக்க வேண்டாம் என்று ஆளுக்கொன்று. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முடியலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே கண்ணு அவ."

"அவ சொன்னாளுங்க" என்றேன். "நீங்கதான் பூவைக் கேட்டீங்க."

அவர் கையை விட்டுவிட்டார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பென்சில் பழக்கம் மட்டும்தான். நடந்ததைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் முதலில் கலாமணியை நீக்கிவிடுகிறேன். அவளிடம் பிழை இல்லை. மிஞ்சியவர்கள்மேல்தான் என் கண் இருக்கிறது.