பரிமளாவும் ஊமை லாக்கும்

என் மனைவி பரிமளா ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். மலைமேல் வாசலூர்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்தேதான் வேலை. நான் மிளகு விளைவிக்கிறவன். இரண்டில் எது உண்மையான வேலை என்று எங்கள் சொந்தக்காரர்களுக்கு இன்னும் சந்தேகம்.

அவளுடைய மேனேஜர் சதீஷ்குமார் பெங்களூரில் இருக்கிறார். மலைமேல் உட்கார்ந்தும் மூளை வேலை செய்யும் என்பதை அவர் நம்பவே மாட்டார். போன மாதம் அவர்களுடைய புரோகிராம் லாரி புக்கிங்குகளை விழுங்க ஆரம்பித்தது. தான் செய்வதையெல்லாம் புரோகிராம் எழுதிவைக்கும் இடம்தான் லாக். எங்கே தடுக்கியது என்று அதைத் திறந்து பார்த்தால் காலி. சாயங்காலத்துக்குள் சரிபண்ணாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கே வந்துவிடச் சொன்னார் அந்தப் புண்ணியவான். எங்கள் மகள் சங்கீதா பக்கத்துச் செம்மேட்டில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடமும் என் மிளகும் என்ன ஆவது?

ஆபீஸ் மேதைகளும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் சர்வரை அணைத்து அணைத்துப் போட்டார். இன்னொருவர் புரோகிராமின் ஒவ்வொரு பகுதியிலும் கூடுதலாக லாக் வரிகளைச் செருகினார். அவையும் வாய் திறக்கவில்லை. லாக் வேலை செய்யாவிட்டால் அந்தச் செய்தியை லாக்கிலேயே எழுதும்படி ஒரு மகானுபாவர் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தாராம். அதைக் கேட்டுச் சிரித்ததற்குப் பரிமளாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

லாக்கை எழுதித் தருகிற ரெடிமேட் புரோகிராமுக்கு லைப்ரரி என்று பெயர். எதை, எங்கே எழுதுவது என்று அதற்குச் சொல்ல ஒரு கான்ஃபிக் ஃபைல் உண்டு. லைப்ரரி உண்மையில் எந்த ஃபைலைப் படிக்கிறது என்று அவள் தேடினாள். ஒரே பெயரில் இரண்டு இருந்தன. அந்த ஆபீசில் புது புராஜெக்ட் என்றால் பழையதிலிருந்து மூட்டையாக அள்ளிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அந்த மூட்டைக்குள் பழைய கான்ஃபிக்கும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. லைப்ரரி முதலில் கண்ணில் பட்டதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. அதில் எதையுமே எழுதாதே என்றிருந்தது. முன்பு வாடிக்கையாளருக்குக் காட்டும்போது திரையில் லாக் வரிகள் ஓடக் கூடாதென்று அப்படிப் போட்டவர் வேறு யாருமில்லை, சதீஷ்குமார்தான்.

பழைய ஃபைலை அவள் தூக்கியெறிந்ததும் லாக் மடமடவென்று எழுதியது. கோளாறும் பிடிபட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

உடனே மேனேஜர் போனில் வந்தார். இவ்வளவு கெட்டிக்காரியை மலையில் விட்டுவைப்பது பாவமாம். பதவி உயர்வு தருகிறாராம், அடுத்த வாரமே பெங்களூர் வந்துவிட வேண்டுமாம். தோற்றாலும் ஜெயித்தாலும் அதே பஸ்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரிமளா நிதானமாகச் சொன்னாள்: "வேலைய இங்கிருந்துதானுங்க சார் முடிச்சேன். சம்பளம் ஒசந்தா ஒசரட்டும், ஊடு மாறாதுங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்றுவரை யோசிக்கிறார், பாவம். பரிமளா இங்கிருந்தே சம்பளம் வாங்குகிறாள்.