பின் சீட்டுக்குப் பாட்டு

வெர்லின் குசேராவைப் போல ஒரு பிடிவாதக்காரனை நெப்ராஸ்கா முழுக்கச் சல்லடை போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. எழுபது வயது. தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதற்கெடுத்தாலும் ஸ்பேனரைத் தூக்குவான். பெண்டாட்டி ஆர்டித்துக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் நேராக ஷெட்டுக்குப் போய் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நான் அடுத்த வீட்டுக்காரன். நாற்பது வருஷமாக அவனோடு வண்டி ஓட்டுகிறவன்.

2007 கோடையில் ஆர்டித் இரண்டு தடவை வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். இரண்டாம் தடவை கிடைத்த இடம் ரயில் பாதை. ஒமாஹாவிலிருந்து மகள் கிரிஸ்டா வந்து கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, இன்னொரு தடவை அம்மா காணாமப் போனா அவ்வளவுதான். ஹோம்ல இடம் சொல்லி வச்சிருக்கேன்."

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ அவ எதுக்கு ஹோமுக்கு?"

"நீங்க இருக்கறப்பதானே ரெண்டு தடவையும் போனாங்க?"

வெர்லின் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டான்.

ஆர்டித்தை ஒரே இடத்தில் உட்கார வைத்தது பாட்டு மட்டும்தான். சமையலறையில் ஒரு சாட்டிலைட் ரேடியோ இருந்தது. உள்ளங்கை அகலம், தாங்கியிலிருந்து சட்டென்று உருவி எடுக்கலாம். ஆன்டெனாவுக்குத் தெற்கு வானம் தெரிய வேண்டும், அதனால் அது ஜன்னலில் இருக்கும். ஐம்பதுகளின் நடனப் பாட்டை நாள் பூராவும் போடும் நிலையம் ஒன்று அதில் வரும். பாட்டு ஓடினால் மேஜையில் விரலால் தாளம் போட்டபடி இருப்பாள். நின்றால் எழுந்துவிடுவாள்.

அந்த ரேடியோவை மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் மாட்டப்போகிறேன் என்றான் வெர்லின்.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு," என்றேன்.

"அவ என் வண்டியில பின்னாடி உக்காந்து நாலு மாசமாச்சு டுவேன். அவளை வீட்டுல பூட்டி வைக்கச் சொல்றியா? நான் மாட்டேன். வந்து டார்ச்சைப் பிடி."

மூன்று நாள் பிடித்தது. கிளாம்ப் தளர்வாக இருந்தது. பழைய டியூபை வெட்டிச் சுற்றினான். ஆன்டெனாவின் காந்தம் வண்டியின் பிளாஸ்டிக் முகப்பில் ஒட்டவில்லை. காபி டப்பா மூடியை வெட்டி அங்கே ஒட்டி அதன்மேல் வைத்தான். அதிர்வில் கழலாமல் இருக்க ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் பசை வைத்தான். வயரைச் சாவிக்குக் கொடுக்கவில்லை, நேராக பேட்டரிக்கே கொடுத்தான்.

"பேட்டரி செத்துப்போகும்டா!"

"சாகட்டும். வண்டியை அணைச்சாலும் அவ காதுல பாட்டு நிக்கக் கூடாது."

ஆர்டித்தின் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் வைத்து ஒரு வயரைப் பின் சீட்டுக்கு இழுத்தான். அதை அவள் தலையில் மாட்டிப் பாட்டைப் போட்டதும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "டேய் வெர்லின், டான்ஸுக்கு ஷூவைத் துடைச்சியா?" என்று கேட்டாள். பல மாதம் கழித்து அவன் பெயர் அவள் வாயில் வந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினான். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

இங்கே எங்கள் கூட்டத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓட்டுவோம். வண்டியை நிறுத்தினால் முதல் வேலை ரேடியோவை உருவிச் சட்டைப்பையில் போடுவது. ஒரு திருவிழாவில் வெர்லினின் பழைய ரேடியோ களவு போனது. அப்போது அவனே போட்ட சட்டம் இது. மறந்தவன் எல்லோருக்கும் கொலாச்சே வாங்கித் தர வேண்டும், ப்ளம் பழம் வைத்த பன். யாராவது மறந்தால் மற்றவர்கள் "கொலாச்சே!" என்று கத்துவோம். என்னிடமே அவன் எத்தனை தடவை கறந்திருக்கிறான்!

செப்டம்பரில் முதல் ஞாயிறு, ஆர்டித் வந்தாள். எண்பது மைல் அவன் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். பின்னால் வந்த எனக்கே சந்தோஷமாக இருந்தது. பெட்ரோல் போட நிறுத்தினோம். வெர்லின் வண்டியை அணைத்துவிட்டு, ரேடியோவைத் தொடாமல் கழிப்பறைப் பக்கம் நடந்தான். ஆர்டித் ஹெல்மெட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "கொலாச்சே!" என்று கத்தினேன். "சட்டம் போட்டவனே மாட்டிக்கிட்டான்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்துவிட்டான். திரும்பி வந்தான், எதையும் யோசிக்காமல் ரேடியோவை உருவிப் பையில் போட்டான், போனான். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகச் செய்தது. பேட்டரிக்கு ஏன் வயர் கொடுத்தான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சக்கரத்துக்குக் காற்று அடிக்கக் குனிந்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது பின் சீட் காலி. ஹெல்மெட் தரையில் கிடந்தது.

பெட்ரோல் நிலையத்தின் பின்னால் சோளக் காடு. ஆள் உயரத்துக்கு மேல் நின்ற பயிர். உள்ளே பத்தடி போனால் திசை தெரியாது. "ஆர்டித்! ஆர்டித்!" என்று கத்திக்கொண்டு ஓடினோம். தோகை கிழித்து வெர்லினின் முகமெல்லாம் ரத்தம். சாயங்காலம் ஷெரிஃபின் ஆள்தான் கண்டுபிடித்தார், மூன்று மைலுக்கு அப்பால். ஒரு செருப்பைக் காணோம்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்று அவர் கேட்டாராம்.

"பாட்டு நின்னுடுச்சு. டான்ஸ் முடிஞ்சா வீட்டுக்குப் போக வேண்டாமா? அப்பா திட்டுவாரு."

வெர்லின் ரேடியோவைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். செவிட்டில் ஒன்று விட்டிருக்கலாம், பாவி.

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து கிரிஸ்டாவுக்குப் போன் போயிற்று. பத்தாம் நாள் ஆர்டித்தை ஹோமில் விட்டார்கள். கிடைத்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் வடக்கே பார்த்தது. வெர்லின் ரேடியோவைக் கொண்டுபோய் மூலை மூலையாக வைத்துப் பார்த்தான், பாட்டு வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு மொட்டை மாடிக்கு ஏறப்போனவனை நிர்வாகி தடுத்துவிட்டார். ஒலிநாடா கொண்டுபோனான், பக்கம் முடிந்ததும் அவள் எழுந்து கதவைத் தட்டுகிறாள் என்று அதையும் வாங்கி வைத்துவிட்டார்கள். இப்போது மாத்திரை கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் நானும் போனேன். ஆர்டித் வெர்லினைப் பார்த்துப் பணிவாகக் கேட்டாள், "நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?"

"சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்மா," என்றான்.

ரேடியோவைத் திரும்ப ஹேண்டில்பாரிலேயே மாட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருகிறான், பேசுவதில்லை. போன வாரம் காபிக் கடைப் பக்கம் நிறுத்தியபோது ரேடியோவை உருவாமல் உள்ளே நடந்தான். கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவன், விஷயம் தெரியாதவன், உற்சாகமாக "கொலாச்சே!" என்று கத்தினான்.

எனக்கு உயிரே போய்விட்டது. வெர்லின் திரும்பக்கூட இல்லை. உள்ளே போய் ஏழு கொலாச்சே சொன்னான். என் தட்டை அவனே கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"சாப்பிடு டுவேன்."

சாப்பிட்டேன். வெளியே பின் சீட்டில் கட்டியிருந்த ஆர்டித்தின் ஹெல்மெட்டுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.