கொலுப் பெட்டிக்குப் பின்னால் இருந்த பை

அது ஒரு பச்சைத் துணிப்பை. வாயில் கயிறு கோத்து இழுத்துக் கட்டுகிற சாதாரணப் பை. உள்ளே, மரத்தில் ஏறி வேட்டையாடுகிறவர்கள் உடம்பில் மாட்டிக்கொள்கிற பட்டை இருந்தது. தொடைக்கு இரண்டு, நெஞ்சுக்கு ஒன்று, முதுகிலிருந்து மரத்துக்குப் போகிற வார் ஒன்று. ஹார்னெஸ் என்றுதான் அத்தான் சொல்வார். அமெரிக்காவில், எடிசனில், அக்கா வீட்டு கராஜில், மேல் தட்டில், கொலுப் பெட்டிக்குப் பின்னால் அந்தப் பையைத் தள்ளி மறைத்து வைத்தவன் நான். யாராவது கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு வேலை. ஒரு மெஷினை ஓட விடுவதற்கு முன்னால் பக்கம் பக்கமாக டிக் போட்டுக் கையெழுத்து வைக்கிறவர். வீட்டிலும் அதே கதைதான். காரை ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் இறங்கி ஒரு சுற்று வந்து பார்ப்பார். பிரதட்சிணம் முடிந்ததா என்று நாங்கள் கேலி செய்வோம். இப்படிப்பட்ட மனிதர், முட்டை வாசனைகூட ஆகாத திருநெல்வேலிச் சைவக் குடும்பத்துக்கு மருமகனாக வந்தவர், வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போகிறார் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆபீஸ் நண்பர் பழக்கிவிட்டதாம். மேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் ஒரு சோயா விவசாயியின் நிலம். மான்கள் பயிரைத் தின்று தீர்ப்பதால் அவர் இவர்களை அனுமதித்திருந்தார். வில் அந்த நண்பர் வீட்டில் இருந்தது. கறியும் அவருக்கே. அத்தான் ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. பிறகு எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "மேல ஏறி உக்காந்துட்டா நாலு மணி நேரத்துக்கு ஒருத்தனும் மீட்டிங்குன்னு கூப்பிட மாட்டான் தம்பி" என்றார். அக்காவுக்கு மட்டும் அது சனிக்கிழமை ஆபீஸ் வேலை. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். பெரிய ஓக் மரம். இருபது அடி உயரத்தில் இரண்டு ஆள் உட்காரும் அளவுக்கு இரும்பு இருக்கை, அதற்குப் போக ஏணி, பக்கத்திலேயே உச்சியிலிருந்து தரை வரை ஒரு கயிறு. ஏணியின் முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே ஹார்னெஸின் வாரை அந்தக் கயிற்றில் இருக்கிற, இழுத்தால் இறுகிக்கொள்கிற முடிச்சில் மாட்டிவிட வேண்டும். ஏற ஏற முடிச்சைக் கையால் மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். "எல்லாரும் என்ன நினைக்கான்னா, மேல உக்காந்து தூங்கி விழுந்தாத்தான் ஆபத்துன்னு. அப்படி இல்ல. ஏணியில இருந்து சீட்டுக்குக் கால் மாத்துவோம் பாரு, அந்த ஒரு செகண்டுதான். கால் தரையை விட்டுச்சுன்னா ஹூக் மாட்டியிருக்கணும்" என்றார். எனக்கு நண்பரிடம் இரவல் வாங்கிய ஹார்னெஸை மாட்டிவிட்டு ஒவ்வொரு பட்டையாகப் பேர் சொல்லி இரண்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு என் முன்னால் கைகளை அகட்டிக்கொண்டு நின்றார். "இப்ப நீ என்னோடதை இழுத்துப் பாரு. நாம மாட்டினதை நாமளே பாத்தா கண்ணு ஏமாத்திரும். இன்னொரு கை வேணும்." எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆனாலும் இழுத்துப் பார்த்தேன். அன்றைக்கு மான் எதுவும் வரவில்லை. ஒரு அணில்தான் எங்களை வெகுநேரம் திட்டிக்கொண்டிருந்தது.

போன நவம்பரில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்தார்கள். ஏர்போர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் அத்தான் கார் டிக்கியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கு நாலு பெட்டி, அரிசி அப்பளம் அடைத்த அட்டைப் பெட்டி ஒன்று. டிக்கியில் எப்போதும் இருக்கிற பச்சைப் பையை நான் எடுத்தேன். அப்பா கண்ணில் பட்டால் என்ன ஏது என்று கேட்பார், பேச்சு வளரும், அத்தான் மாட்டிக்கொள்வார். நவராத்திரி முடிந்து தட்டில் ஏற்றியிருந்த கொலுப் பெட்டிக்குப் பின்னால் அதைத் தள்ளினேன். அத்தானிடம் இடத்தைச் சொன்னேன். "சூப்பர் இடம்" என்று என் முதுகில் தட்டினார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டோம். சாப்பாடு முடிந்ததும் அப்பா கராஜ் கதவைத் திறந்து வைத்து, மடக்கு நாற்காலியைப் போட்டு, வேட்டிமேல் என் பழைய ஜாக்கெட்டுடன் வெயிலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் தலைக்கு மேலே அந்தத் தட்டு. அத்தான் ஆபீஸ் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு வந்து என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். இருவரும் பரீட்சையில் பிட் வைத்திருக்கிற பையன்களைப் போல முழித்தோம். கார் வரைக்கும் கூடப் போனேன். "இன்னிக்கு விட்டுருங்க அத்தான்" என்றேன். "இல்ல தம்பி, ஃப்ரெண்டு வரேன்னு சொல்லிட்டான். நான் ஏறலை. தரையிலேயே உக்காந்துக்கறேன்" என்றார். ஏணியின் முதல் படிக்கே ஹூக் கேட்கிற மனிதர். நம்பாமல் என்ன செய்வேன்? நம்பினேன்.

நண்பர் அன்றைக்கு வரவில்லை. அத்தான் தனியாக இருந்திருக்கிறார். தரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார், எப்போது மனம் மாறியது என்பதெல்லாம் அவருக்கே இப்போது நினைவில்லை. பொழுது சாய்ந்தும் கார் நகராமல் நிற்பதைப் பார்த்து அந்த விவசாயி தேடிப் போயிருக்கிறார். ஏணிக்கு அடியில் கிடந்திருக்கிறார் அத்தான். கயிறு மரத்தில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் மாட்ட அவர் உடம்பில்தான் ஒன்றும் இல்லை. அவசரத்துக்கு என்று விவசாயியிடம் அத்தான் கொடுத்து வைத்திருந்தது என் நம்பர். போன் வந்தபோது நான் அக்கா வீட்டுச் சமையலறையில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். அத்தான் மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஆபீஸ்ல ஏதுடா மரம்?" என்றாள். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பல் தேய்க்கும்போது வருகிறது. சிக்னலில் நிற்கும்போது வருகிறது.

உயிர் தப்பியது. முதுகெலும்பு தப்பவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பாது என்று டாக்டர் மிக மென்மையான குரலில் சொன்னார். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேட்டை, மரம், பச்சைப் பை, அது இருந்த இடம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. "நான் உக்காந்திருந்த எடத்துக்கு மேலயா?" என்றார். ஆமாம் என்றேன். "மானைக் கொல்லுதாருன்னு தெரிஞ்சா மனசு சங்கடப்பட்டிருக்கும். ரெண்டு நாள் மொகம் குடுத்துப் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானல? அதுக்கா? கேட்டிருந்தா நானே எந்திச்சு எடுத்துக் குடுத்திருப்பேம்லா." நாங்கள் பயந்தது அந்த இரண்டு நாள் மௌனத்துக்கு. அதற்குப் போய் ஒரு மனிதர் இருபது அடி உயரத்திலிருந்து விழுந்து கால்களைக் கொடுத்துவிட்டார்.

அப்பாவும் அம்மாவும் விசாவை நீட்டித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறார்கள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, அத்தான் அறையில் ஆளைத் தூக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. துணித் தொட்டில் மாதிரி ஒன்றை உடம்புக்கு அடியில் விரித்து, தோளுக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு என்று நான்கு பட்டைகளைக் கொக்கியில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் ஆளை மேலே தூக்கும். மாட்டுவது அப்பாதான். வேறு யாரையும் விடுவதில்லை. பச்சைப் பை இன்னும் கராஜில் அதே தட்டில் கிடக்கிறது. தூக்கிப் போட எனக்குத் தைரியம் இல்லை. அக்கா அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அப்பா பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார். "எடது தோள், வலது தோள், எடது தொடை, வலது தொடை. சரியா மாப்பிள்ளை?" ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. "சரி மாமா" என்ற அத்தான், அப்பா பொத்தானை அழுத்தப் போகும்போது கையைக் காட்டி நிறுத்தினார். வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "தம்பி, நீயும் ஒரு தடவை இழுத்துப் பாரு." மெஷின் அவரைத் தூக்கப்போவது மெத்தைக்கு மேல் இரண்டு அடி. அந்த இரண்டு அடிக்காக நான் குனிந்து நான்கு பட்டைகளையும், ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, இழுத்துப் பார்த்தேன்.