வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

பழைய டூத் பிரஷால் பூட்ஸின் தையலுக்குள் அப்பியிருக்கும் சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார் பெட்ஷீட் அக்கா. நாலாவது மாடிப் பொது வராந்தாவில், வாசற்படியில் உட்கார்ந்து, பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு. முனையில் இரும்பு வைத்த கனமான பூட்ஸ். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த வீட்டில் வாட்டசாட்டமான ஆம்பளை யாரோ இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். "எம்பொண்ணோடது. கிரேன் ஓட்டறா" என்று கேட்காமலே சொல்லிவிடுவார். கேட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் பெட்ஷீட். சூடு ஆறாத விரிப்புகளை மடித்து மடித்துக் கை பழகிவிட்டது. பாலிதீன் பையோ பழைய பேப்பரோ, கண்ணில் பட்டதைச் சதுரமாக மடிக்காமல் விடமாட்டார். ஒரு நாள் பேச்சுவாக்கில் என் தோளில் கிடந்த துண்டை உருவி, மடித்து, என் கையிலேயே கொடுத்துவிட்டார். பிறகுதான் சுதாரித்து, "ஐயோ தம்பி, இந்தக் கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்று சிரித்தார்.

எங்களுடையது அரசு வாடகைக் குடியிருப்பு. வருமானம் குறைந்த வீட்டுக்கு வாடகையில் பாதி தள்ளுபடி. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று வருடாவருடம் எழுதிக் கொடுக்க வேண்டும். வருமானம் ஏறினால் தள்ளுபடி போச்சு. ஆகவே எங்கள் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்த மாதமே தாளிலிருந்து காணாமல் போய்விடுவார்கள். கேட்டால் அத்தை வீட்டில் இருக்கிறார்களாம். இத்தனை பேருக்குச் சோறு போடும் அந்த அத்தைகளுக்கு என்ன பெரிய மனசு! சரிபார்க்க அதிகாரி வரும் நாளில், அவர்களுடைய ஷூக்கள் வாசலிலிருந்து கட்டிலுக்கடியில் குடிபோகும். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முழு வாடகை என்பது பல வீடுகளில் கழுத்தைப் பிடிக்கிற சங்கதி.

அக்கா வீட்டிலும் வாடகை அப்படித்தான் கழுத்தைப் பிடித்தது. கணவர் இறந்த பிறகு அந்தத் தள்ளுபடியில் மிஞ்சியதை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தார். "அது இல்லேன்னா சட்டி பானையோட தெருவுல நின்னிருப்போம். வாங்கினதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல" என்பார். இந்த வருடம் மகளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. கையோடு படிவமும் வந்தது.

அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தள்ளுபடி இன்னும் ஒரு வருடம் இருந்தால் அம்மா சலவைக்கூடத்துக்குப் போகாமல் இருக்கலாம் என்று மகள் கணக்குப் போட்டாள். "நானும் அத்தை வீட்டுல இருக்கேன்னு எழுதிடும்மா. ஒரு வருஷம்தானே? நீ வேலையை விட்டுட்டுக் காலை நீட்டி உக்காரு."

"நீ பொறந்து வளந்ததே இந்த வீடுடி. சம்பாதிக்க ஆரம்பிச்சதும் உன் பேரை நான் அடிக்கணுமா? முட்டி என் முட்டி. அது இன்னும் ஓடும், போ."

எழுதியே விட்டார். என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மகள் பெயர், சம்பளம், எல்லாம் கொட்டை எழுத்தில். வேலை என்ற கட்டத்தில் இடம் போதாமல் 'கிரேன் ஓட்டுநர்' பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் நுழைந்திருந்தார்.

விஷயம் தெரிந்து எதிர்வீட்டம்மா சண்டைக்கு வந்தார். அவருக்கு 'அத்தை வீட்டில்' இரண்டு பையன்கள். "ஊர்ல இல்லாத அரிச்சந்திரி இவ! உன்னை விசாரிச்சுட்டு அடுத்து எங்க கதவைத்தானே தட்டுவாங்க?"

"உங்க பசங்களைப் பத்தி என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதும்மா. எம்பொண்ணை மட்டும் ஒளிக்கச் சொல்லாதீங்க."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நான் அக்காவுக்கு என்ன உறவு, வெறும் பக்கத்து வீட்டுக்காரன். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அப்படியொரு பெருமை. சொந்த அக்கா என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

இன்று காலை, "ஆபீசர் வராரு!" என்ற குரல் கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொரு மாடியாக ஏறி வந்தது. வராந்தாவில் ஒரே சரசரப்பு. கண் மூடித் திறப்பதற்குள் வாசல்களெல்லாம் துடைத்துவிட்டாற்போல் காலி. எதிர்வீட்டில் ஷூவோடு பெரிய பையனும் கட்டிலுக்கடியில் போய்விட்டதாகக் கேள்வி. அக்கா வீட்டுக் கதவும் மூடித்தான் இருந்தது. இரவு ஷிப்ட் முடித்த மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு அக்கா வெளியே வந்தார். கையில் பூட்ஸ். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாசலின் நடுவில் வைத்தார். ஒன்றின் முனையில் கொஞ்சம் தூசி இருந்தது. முந்தானையால் துடைத்தார். பிறகு இரண்டையும் படிக்கட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.