துடைத்த இலைகள்

செம்பூரில் நாங்கள் குடியிருந்த 'சால்' என்ற வரிசை வீடுகளுக்கு எதிரே ஒரு ரசாயனத் தொழிற்சாலை இருந்தது. சாலில் பாதி வீடுகளில் இளைப்பு. என் மனைவிக்கு அதிகம். புகையைக் குறைக்கச் சொல்லி எல்லோரும் கையெழுத்திட்டு வார்டு ஆபீஸில் மனுக் கொடுத்திருந்தோம்.

அந்த மழைக்காலத்தில் தொழிற்சாலைக்காரர்கள் 'சுற்றுச்சூழல் விழிப்புணர்வு' என்று பேனர் கட்டி, வீட்டுக்கொரு பாதாம் கன்று கொடுத்தார்கள். நன்றாக வளர்ப்பவருக்குப் பரிசு என்றும் அறிவித்தார்கள்.

மழை நின்றதும் இலைகளில் கரி படிந்தது. மற்றவர்களின் கன்றுகள் வாடின. என் மனைவி மட்டும் காலையில் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையையும் மேலும் கீழும் துடைப்பாள். பிறகு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள்.

"நமக்குத்தான் முட்டுது. இதாவது நல்லா மூச்சு விடட்டும்" என்பாள்.

பரிசு அவளுக்கே கிடைத்தது. ஓர் எவர்சில்வர் குடம் கொடுத்து, கன்றோடு நிற்கவைத்துக் கலர்ப் படமும் எடுத்தார்கள்.

மனு விசாரணைக்கு வந்த அன்று, தொழிற்சாலையின் அதிகாரி அந்தப் படத்தைத்தான் மேஜைமேல் வைத்தார். மாட்டுங்காவில் குடியிருந்த தமிழர். வார்டு அதிகாரிகளுக்கு மராத்தியில் விளக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"உங்க வாசல் கன்னுதானே? இலை எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்கோ! காத்து கெட்டிருந்தா இப்படி வளருமா?"

"தெனமும் நான் தொடைச்சேன் சார்" என்றாள் என் மனைவி.

"பேஷ்! அதுக்குப் பேர்தாம்மா விழிப்புணர்வு."

எல்லோரும் சிரித்தார்கள். மனு அத்தோடு முடிந்தது.

திரும்பும்போது பக்கத்து வீட்டுப் பெண், "ஏக்கா, ஒங்க வீட்டு எலை நம்ம எல்லாரு வாயையும் அடச்சிட்டுல்லா" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள்.  மறுநாளிலிருந்து என் மனைவி துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

குளிர்காலத்தில் புகை கீழேயே தங்கியது. அவளைச் சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

"எலை கறுத்துட்டா?" என்று கேட்டாள்.

"கறுத்துட்டு."

"அப்ப அதையும் ஒரு போட்டோ எடுங்க. கொண்டுபோய்க் காட்டணும்."

ஆபீஸ் நண்பரின் கேமராவை இரவல் வாங்கி எடுத்தேன். அதில் கறுப்பு வெள்ளை ரோல்தான் இருந்தது. பிரிண்ட் வந்ததும் நேராக அவளிடம் கொண்டுபோனேன். கரி படிந்த இலை, நிழலில் இருக்கும் எந்த இலையையும் போலத்தான் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயும் நல்லாத்தான் இருக்கு" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு திரும்பவில்லை.