சாய்ந்த நாற்காலி

சவரக் கடைக்காரருக்கு மதியச் சாப்பாடு என்றாலே இப்போதெல்லாம் பயம். கை கழுவிய சற்று நேரத்தில் பிரஷர் இறங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வரும். பட்டினி கிடந்தாலோ கை நடுங்கும். கொஞ்சமாகச் சாப்பிட்டு உடனே படுக்கச் சொன்னார் டாக்டர். கடையில் படுக்க ஏது இடம்? வாடிக்கையாளர் நாற்காலியையே சாய்த்துப் படுத்துக்கொள்வார். அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நழுவினார்கள். மிஞ்சியது தபால்காரர் மட்டும்தான்.

அன்று கடைக்காரர் அப்படிப் படுத்திருந்தபோது தபால்காரர் வந்து நின்று சிரித்தார்.

"என்னண்ணே, உங்களுக்கு யாரு ஷேவ் பண்றது?"

இவரையும் விட்டுவிடக்கூடாதே என்று கடைக்காரர் சட்டென எழுந்தார். நுரை பூசி ஒரு கன்னத்தை வழித்தாயிற்று. மறு கன்னத்துக்கு வரும்போது கண்ணாடியிலிருந்த இரண்டு முகமும் மங்கின. தபால்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கத்திய கீழ வைங்கண்ணே. மெதுவா."

வைத்தார். தபால்காரரே அவரைத் தாங்கி நாற்காலியில் படுக்கவைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு இருக்குறது ஒரு கழுத்துதான்."

பாதி நுரையோடு அவர் தெருவைக் கடப்பது கண்ணாடியில் தெரிந்தது. கூப்பிட நினைத்தார் கடைக்காரர். தலையைத் தூக்கவே முடியவில்லை.